படிப்புக்குப் படியளந்த கதை – 11: நாலில் ஓர் இடம்

மைசூரு அரண்மனைக்குத் தெற்கே சற்று நடந்தால் அக்ரஹாரம் சர்க்கிள். நூற்றொரு கணபதி கோயிலின் மணி ஒரு பக்கம், பள்ளிக்கூட ஆட்டோக்களின் ஹாரன் இன்னொரு பக்கம். காலை எட்டு மணிக்கு அந்த ஆட்டோக்களின் இரு புறமும் புத்தகப் பைகள் தொங்கும். ஒவ்வொரு பையின் பின்னாலும் ஒரு வீட்டின் கணக்கு இருக்கிறது: இந்த மாதம் பீஸ் கட்டியாயிற்றா, அடுத்த டெர்முக்கு என்ன வழி?

இந்தத் தொடரை அந்தச் சர்க்கிளில் நின்றுதான் தொடங்கினோம். காரணம், அந்த இடத்தின் பெயர். அக்ரஹாரம் என்றால் அரசன் வரி நீக்கிக் கொடுத்த ஊர். வேதம் ஓதி, ஓதுவித்துப் பிழைக்க என்று கற்றவர்களுக்கு விட்ட நிலம். கல்விக்காக அரசு செலவழித்ததன் மிகப் பழைய கணக்கு ஒரு தெருவின் பெயராகவே நிற்கிறது.

இதுவரை வந்த பாதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம்.

முதலில் நிலம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல் அளந்த கணக்கைச் சொல்கிறது. தலைக்கு இவ்வளவு என்று தினமும் படியளந்தார்கள். அந்தப் படி ஒரு சாதியின் பிள்ளைகளுக்கு மட்டுமே அளக்கப்பட்டது என்பதையும் அப்போதே பார்த்தோம்.

அடுத்தது பள்ளிக்கூடம். 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 'உதவி பெறும் பள்ளி' என்று இன்றும் நாம் சொல்வது அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளை.

பிறகு மாணவன். 1918-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அமைத்த மில்லர் குழு, பிராமணர் அல்லாத சமூகங்களுக்கு அரசுப் பதவிகளில் இடம் கேட்டது. அந்தப் பதவிகளுக்குத் தகுதியாகும்படி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கேட்டது. மைசூர் சமஸ்தானத்தின் பணம் அக்ரஹாரத்தைத் தாண்டி வெளியே நடக்கத் தொடங்கியது அப்போதுதான்.

கடைசியாகப் பெற்றோர். 1955-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். அரசு பள்ளியை நடத்தத்தான் வேண்டுமா? பிள்ளைக்கு ஆகும் செலவைச் சீட்டாகப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால், பள்ளியை அவர்களே தேர்ந்துகொள்வார்களே என்று கேட்டார்.

நிலம், பள்ளி, மாணவன், பெற்றோர். நான்கு கைகள். ஐந்தாவதாக ஓர் ஏற்பாட்டை இந்தியா கண்டுபிடித்தது. இந்த வாரம் அதன் கதை.

* * *

கர்நாடகத்திலிருந்து கிளம்பிய கேள்வி

கல்வி அடிப்படை உரிமையா? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குக் கொண்டுபோன வழக்கு கர்நாடகத்திலிருந்து போனது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் வாங்கிய கேபிடேஷன் கட்டணத்தை எதிர்த்து எழுந்த மோகினி ஜெயின் வழக்கு அது. 1992-ல் உச்ச நீதிமன்றம் கல்வியை உரிமை என்றது. மறு ஆண்டே, உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரை அது அடிப்படை உரிமை என்று வரையறுத்தது.

அந்த வரையறை அரசியல் சாசனத்தில் ஏற மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2002-ல் 86-வது திருத்தம், 21-ஏ பிரிவைச் சேர்த்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி.

அதே 2002-ல், அக்டோபர் 31 அன்று, கர்நாடகத்திலிருந்து போன இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. மணிப்பாலின் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை தொடுத்த வழக்கு. பதினொரு நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். அரசிடம் காசு வாங்காமல் பள்ளி, கல்லூரி நடத்துபவர்களுக்குத் தங்கள் நிறுவனத்தை நடத்தும் சுதந்திரம் உண்டு என்றார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு வாக்குறுதிகள். பிள்ளைக்கு: உனக்குக் கல்வி உரிமை உண்டு. பள்ளி நடத்துபவருக்கு: உன் பள்ளி உன் நிர்வாகம்.

இந்த இரண்டும் ஒரு நாள் மோதியே தீரும். மோதின.

* * *

பன்னிரண்டாவது பிரிவு

2009 ஆகஸ்டில் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் பெரும் பகுதி அரசின் கடமைகளைப் பற்றியது: அருகிலேயே பள்ளி, போதுமான ஆசிரியர்கள், கழிப்பறை, விளையாட்டுத் திடல். மூன்று ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு வட்டாரத்திலும் பள்ளி இருக்க வேண்டும் என்று ஆறாவது பிரிவு கெடு வைத்தது.

நாட்டை உலுக்கியது பன்னிரண்டாவது பிரிவுதான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளியும் தன் தொடக்க வகுப்பில், குறைந்தது நாலில் ஓர் இடத்தை வட்டாரத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். எட்டாம் வகுப்பு வரை ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இவற்றில் எது குறைவோ அதைப் பள்ளிக்குத் திருப்பித் தரும்.

ஃப்ரீட்மன் சொன்ன சீட்டுக்கும் இதற்கும் பணத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. போகும் வழியில் இருக்கிறது வேறுபாடு. இங்கே பணம் பெற்றோரின் கையைத் தொடுவதே இல்லை. பிள்ளை பள்ளிக்குள் போகிறது. பில் அரசுக்குப் போகிறது.

சட்டத்தை எழுதியவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஆட்டோ ஓட்டுநரின் மகளும் டாக்டரின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது. காசைக் கொடுத்துக் கைகழுவும் ஏற்பாடாக அவர்கள் இதை நினைக்கவில்லை. பிரிந்து கிடக்கும் பிள்ளைகளை ஒரே வகுப்பறையில் சேர்க்கும் ஏற்பாடாக நினைத்தார்கள்.

பள்ளி நிர்வாகங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

* * *

2012 ஏப்ரல் 12

புதிய கல்வி ஆண்டு தொடங்கச் சில வாரங்களே இருந்த நேரம். நாடு முழுவதும் எல்.கே.ஜி. சேர்க்கை முடியும் தறுவாயில் இருந்தது. ராஜஸ்தானின் உதவி பெறாத தனியார் பள்ளிகள் சங்கம் தொடுத்த வழக்கில் அன்று தீர்ப்பு.

மூன்று நீதிபதிகள்: தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஸ்வதந்தர் குமார்.

பள்ளிகளின் வாதம் நேரானது. டி.எம்.ஏ. பை தீர்ப்பு எங்களுக்குச் சுதந்திரம் தந்தது. கல்வி தருவது அரசின் கடமை. அந்தக் கடமையில் நாலில் ஒரு பங்கை எங்கள் தோளில் ஏற்றுவது எந்த நியாயம்?

அரசின் பதில்: பள்ளி நடத்துவது வியாபாரம் அன்று, அறப்பணி. அறப்பணிக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். பிள்ளையின் உரிமையை மையமாக வைத்துப் பாருங்கள்.

நீதிபதிகள் பிரிந்தார்கள். உதவி பெறாத பள்ளியை இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி ராதாகிருஷ்ணன் எழுதினார். மற்ற இருவரும் சட்டம் செல்லும் என்றார்கள். சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறாத பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. 2012-13 கல்வி ஆண்டு முதலே அமல்.

இரண்டுக்கு ஒன்று. ஒரே ஒரு நீதிபதியின் கருத்து வேறு பக்கம் சாய்ந்திருந்தால், அடுத்த பத்தாண்டுகளில் தனியார் பள்ளிகளுக்குள் நுழைந்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கை வேறு வழியில் போயிருக்கும்.

* * *

பிஇஓ ஆபீஸின் குலுக்கல்

கர்நாடகம் அந்த ஆண்டே களத்தில் இறங்கியது. 25 விழுக்காட்டைப் பிரித்தார்கள்: தாழ்த்தப்பட்டோருக்கு 7.5, பழங்குடியினருக்கு 1.5, மற்றவர்களுக்கு 16. கிராமத்தில் கிராமமே எல்லை. நகரத்தில் வார்டு எல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

மைசூரில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு இது என்ன கொண்டுவந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை அந்த வீட்டுப் பெண் தனியார் பள்ளியின் கேட்டை வெளியிலிருந்து பார்த்திருப்பாள்; இல்லையென்றால் அங்கே பாத்திரம் தேய்க்கவோ பெருக்கவோ உள்ளே போயிருப்பாள். இப்போது வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலரின் (பிஇஓ) ஆபீஸ் வாசலில் நிற்கிறாள். குலுக்கலில் பெயர் வந்தால் அதே கேட்டுக்குள் அவள் மகள் மாணவியாகப் போவாள்.

அரசு பள்ளிக்குத் தந்த தொகை தொடக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 11,848 ரூபாய். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அதில் பாதி, 5,924. பின்னர் அவை 16,000, 8,000 என உயர்ந்தன.

இந்த எண்களுக்குள் இரண்டு குறைகள் ஒளிந்திருந்தன.

முதலாவது, தாமதம். பள்ளி முதலில் செலவழிக்க வேண்டும். அரசு பிறகு தரும். அந்தப் 'பிறகு' நீண்டது. நிலுவைக்காகப் பள்ளிச் சங்கங்கள் ஆண்டுதோறும் குரல் எழுப்பின. பெரிய பள்ளி தாங்கிக்கொண்டது. சந்துக்குள் இரண்டு மாடியில் நடக்கும் சிறு பள்ளிக்கு அந்தத் தொகை டீச்சர் சம்பளம். அது வராத மாதத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் 'ஆர்டிஇ பிள்ளை' நிர்வாகத்தின் கண்ணில் சுமையாகத் தெரிந்தது.

இரண்டாவது, பணத்துக்கு வெளியே நின்ற செலவுகள். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு, வேன், ஆண்டு விழா. இலவசம் என்று சட்டம் சொன்னது. 'இதற்கு மட்டும்' என்று பள்ளிகள் கேட்டன. பிள்ளை தலைகுனிந்து வீட்டுக்கு வரக் கூடாதே என்று பெற்றோர் கடன் வாங்கிக் கட்டினார்கள். அரசு தங்கள் பிள்ளையின் பெயரில் பள்ளிக்கு எவ்வளவு கட்டுகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாத பணத்துக்கு எப்படிக் கணக்குக் கேட்பது?

* * *

கடலுக்கு அப்பால் ஒரு கணக்குப் புத்தகம்

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது.

அங்கே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் வளர்ப்பு இல்லத்துக் குழந்தைகளுக்கும் தனியார் பள்ளிச் சீட்டுத் தந்து பார்த்தார்கள். தனியார் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் பொதுப் பணம் தர மாநில அரசியல் சாசனம் அனுமதிக்காது என்று 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தோல்வியிலிருந்துதான் கல்விச் சேமிப்புக் கணக்கு பிறந்தது.

யோசனை இதுதான். பணத்தைப் பள்ளிக்குத் தராதே. பிள்ளையின் பெயரில் ஒரு கணக்குத் திற. அந்தப் பிள்ளைக்காக அரசுப் பள்ளிக்குப் போயிருக்கக் கூடிய மாநில நிதியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை அதில் போடு. பெற்றோர் அதிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டலாம், டியூஷன் வைக்கலாம், புத்தகம் வாங்கலாம், பேச்சுப் பயிற்சிக்குச் செலவழிக்கலாம், மிச்சம் பிடித்து அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது அரசு இல்லை, பெற்றோர். ஆகவே தடை பொருந்தாது.

2011-ல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கினார்கள். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. 2022-ல் வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளை உட்பட மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திறந்துவிடப்பட்டது.

கர்நாடகத்துத் தாயிடம் இடம் இருந்தது, கணக்கு இல்லை. அரிசோனாத் தாயிடம் கணக்கு இருந்தது. ஆனால் எந்தப் பள்ளியும் அவள் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளி மறுத்தால் கணக்கில் இருக்கும் பணம் கதவைத் திறக்காது.

இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

* * *

2014 மே 6: ஒரே நாள், இரண்டு தீர்ப்புகள்

அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது.

முதல் வழக்கில், கல்வி உரிமைச் சட்டத்துக்கு அடித்தளமான சாசனத் திருத்தம் செல்லும் என்று உறுதிசெய்தது. கூடவே, உதவி பெறுவதோ பெறாததோ, எந்தச் சிறுபான்மைப் பள்ளிக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. மொழிச் சிறுபான்மையும் இதில் அடங்கும். கர்நாடகத்தில் தமிழரோ தெலுங்கரோ நடத்தும் பள்ளி, சான்றிதழ் பெற்றால், நாலில் ஓர் இடம் தர வேண்டியதில்லை. (பதினோரு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 1 அன்று, இதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இந்த விலக்கு சரிதானா என்று ஐயம் எழுப்பி, விவகாரத்தைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பினார்கள்.)

இரண்டாவது வழக்கு முழுக்கக் கர்நாடகத்தின் சொந்த வழக்கு. ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் கற்பிக்க வேண்டும் என்று 1994-ல் மாநில அரசு போட்ட உத்தரவு. இருபது ஆண்டுப் போராட்டம். தாய்மொழி எது, பயிற்றுமொழி எது என்று பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும், அரசு திணிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அன்று மாலை கர்நாடகத்தின் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு இருந்த கடைசித் தடையும் நீங்கியது. ஆனால் அரசுப் பள்ளி கன்னடவழியிலேயே நின்றது. அது ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது; தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் ஆரம்பித்தது.

ஆர்டிஇ இடம் கேட்டு ஏன் இவ்வளவு கூட்டம் என்று பலர் வியந்தார்கள். விடை இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. மூன்றரை வயதில் பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை. ஆங்கிலம் தெரியாததால் தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வரக் கூடாது என்ற வைராக்கியம். தாய்மொழிக் கல்வியே சிறந்தது என்று நானும் நம்புகிறேன். ஆனால் வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டு, ஏழைத் தாய்க்கு மட்டும் தாய்மொழியின் பெருமையைப் போதிப்பது அறமாகாது.

* * *

2019 ஜனவரி: கதவு சாத்தப்பட்டது

ஆண்டுக்கு ஆண்டு பில் ஏறியது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஓர் அணி உள்ளே வரும். பழைய அணிகள் எட்டாம் வகுப்பு வரை தொடரும். தொகை பல நூறு கோடிகளுக்குப் போனது.

மறுபக்கம் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு வகுப்பில் ஐந்து பேர், எட்டுப் பேர். ஆசிரியர்களும் கல்வியாளர்களும் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: அரசே காசு கொடுத்துத் தன் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளியே அனுப்புகிறதே, இது எந்த ஊர் வழக்கம்? தனியாருக்குப் போகும் பணத்தில் அரசுப் பள்ளியை உயர்த்தலாமே?

2019 ஜனவரி இறுதியில் கர்நாடக அரசு விதியைத் திருத்தியது. வட்டாரத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், அங்கே உள்ள தனியார் பள்ளிக்கு நாலில் ஓர் இடம் என்ற கடமை இல்லை. கேரளத்தில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் என்றார்கள்.

ஒரு வாக்கியத் திருத்தம். அதன் விளைவைக் காண வரைபடத்தை விரித்துப் பார்த்தால் போதும். சமஸ்தானக் காலம் தொட்டே பள்ளிகளைக் கட்டிவந்த மைசூரு போன்ற நகரத்தில், அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ எட்டும் தூரத்தில் இல்லாத பகுதி அரிது. மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த இடங்கள் ஒரே ஆண்டில் இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கின.

பெற்றோர் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2019 மே 31 அன்று உயர் நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. அரசுப் பள்ளி இல்லாத இடத்தில்தான் தனியார் பள்ளியை நாட வேண்டும் என்ற அரசின் விளக்கத்தை அது ஏற்றுக்கொண்டது. மறுநாள் ஜூன் 1. பள்ளிகள் திறக்கும் நேரம்.

ஏற்கெனவே உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை இடம் உண்டு. அவர்களுக்கும் ஒரு முட்டுச்சந்து காத்திருந்தது. 2012-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் அணி 2020 வசந்தத்தில் எட்டாம் வகுப்பை முடித்தது. சட்டத்தின் உறுதி அங்கே முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம். எந்த ஆண்டு? கொரோனா ஊரடங்கில் கூலிக்காரர்களின் வருமானம் நின்றுபோன ஆண்டு.

எட்டு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர்களில் ஒருவன் மேலே போனான். இன்னொருவன் டி.சி. வாங்க வரிசையில் நின்றான்.

* * *

யார் செய்தது சரி?

2019-ன் திருத்தத்தை மொத்தமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அரசுப் பள்ளியைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் உண்மையானது. அதே 2019-20-ல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கப்பட்டது. கர்நாடகப் பொதுப் பள்ளிகள் என்ற பெயரில் எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் பள்ளிகளும் வந்தன. பெற்றோர் எதற்காக வெளியேறினார்கள் என்பதை அரசு புரிந்துகொண்டதற்கு இவையே சாட்சி.

ஆனால் வரிசை தவறியது. முதலில் அரசுப் பள்ளியை உயர்த்தியிருக்க வேண்டும். அது நிறைந்த பிறகு தனியார் பள்ளியின் கதவைப் பற்றி யோசித்திருக்கலாம். ஆயிரம் பள்ளிகளில் ஒரு வகுப்பைத் திறந்துவிட்டு, மாநிலம் முழுவதும் ஒரு லட்சம் இடங்களை மூடினார்கள். புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்றே பழைய வீட்டின் கூரையைப் பிரித்தது போல ஆயிற்று.

சட்டத்தின் பெரிய ஆசையும் அந்தக் கூரையோடு போயிற்று. ஒரே பெஞ்சில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்ற கனவுக்கு அரசுப் பள்ளியின் தரம் விடை ஆகாது. அது தனிக் கனவு. அதற்குத் தனிக் காவல் வேண்டும்.

மற்ற மாநிலங்களின் நீதிமன்றங்கள் பின்னர் இதே கேள்விக்கு வேறு விடை சொன்னன. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் வழியிலேயே திருத்தம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மும்பைத் தாய்க்குத் திறந்த கதவு மைசூருத் தாய்க்கு மூடியே இருக்கிறது. ஒரே நாடு, ஒரே சட்டம்.

நம் தமிழ்நாட்டிலும் இந்த இடங்களுக்கு வேறு உருவில் ஆபத்து வந்தது. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே கல்வி நிதிப் பிணக்கு. 2025-ல் ஆர்டிஇ சேர்க்கை மாதக்கணக்கில் நின்றது. பள்ளி திறந்தும் இடம் உறுதியாகாமல் பெற்றோர் தவித்தார்கள். மைசூரில் ஒரு திருத்தம் செய்ததை இங்கே ஒரு நிலுவை செய்தது.

இரண்டிலும் ஒரே பாடம்தான். பிள்ளைக்கான பணம் பிள்ளையின் பெயரில் இல்லை. அது அரசுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடும் பணம். அந்த இருவரில் யார் கையை இழுத்துக்கொண்டாலும் நடுவில் நிற்கும் பிள்ளை விழுகிறது. விழுந்த பிள்ளையின் தாயிடம் காட்டிக் கேட்க ஒரு பாஸ்புக் கூட இல்லை.

* * *

பாஸ்புக் இருந்திருந்தால்?

அந்தக் கேள்வியை ஓர் அண்டை மாநிலம் கேட்டது.

கர்நாடகத்தில் கதவு சாத்தி ஓராண்டு ஆகவில்லை. 2020 ஜனவரி 9. ஆந்திரத்தின் சித்தூர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் அந்த ஊரில் முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி 'அம்ம ஒடி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒடி என்றால் தெலுங்கில் மடி. அம்மாவின் மடி.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 15,000 ரூபாய். பள்ளி அரசினுடையதா, தனியாருடையதா என்று கேள்வி இல்லை. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. எட்டோடு நிற்கும் முட்டுச்சந்து இல்லை. குலுக்கல் இல்லை. நடுவில் பள்ளி நிர்வாகமும் இல்லை.

எண்ணாயிரத்தில் நெல்லாக அளந்த படி, ஆயிரம் ஆண்டு நடந்து, முதல் முறையாகத் தாயின் மடியில் விழுந்தது.

ஆனால் அரிசோனாவில் பார்த்த முடிச்சை இங்கேயும் பிடித்துப் பாருங்கள். பணம் மடியில் விழுந்தது சரி. அதே பெஞ்சில் இடம் தந்தே ஆக வேண்டும் என்று பள்ளியைக் கட்டிய கயிறு அந்தப் பணத்தோடு வரவில்லை. அரிசி விலையும் வட்டிக்காரரும் கூட அந்த மடியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அந்த 15,000 ரூபாய் பிள்ளையின் பைக்குள் போனதா, வீட்டின் கடனுக்குப் போனதா? பணம் கையில் வந்த தாயின் பேச்சுக்குப் பள்ளி வாசலில் மதிப்புக் கூடியதா?

அடுத்த வாரம் சித்தூருக்குப் போவோம்.